ஏறினால் சேர், இறங்கினால் விடு

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன மாதம் போனில் கூப்பிட்டாள். "மேடம், இப்பல்லாம் பிரேக்பாயின்ட்டே யாரும் வெக்கிறதில்ல. தப்பு எங்கன்னு டூலே சொல்லிடுது. நீங்கல்லாம் எப்படித்தான் பொழப்ப ஓட்டினீங்க?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். கற்கால மனிதர்கள் நெருப்பு இல்லாமல் எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்கிற அதே அக்கறை.

போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் பேனாவை எடுத்தால் இளையவர்களுக்குப் புத்தி சொல்லாமல் விடமாட்டார்கள் என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. என்னிடம் அந்தச் சரக்கு கிடையாது. இருந்திருந்தால் முப்பது வருடம் அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடியே காலத்தை ஓட்டியிருக்க மாட்டேன்.

நான் வேலூர்க்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருவரும் சேர்ந்து என்னை டாக்டராக்கப் பார்த்தார்கள். மதிப்பெண் ஒத்துழைக்கவில்லை, கம்ப்யூட்டர் படித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் படிப்பை முடித்து வெளியே வந்தபோது எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றால் டைப்பிங் சென்டரில் அடுத்தவர் பயோடேட்டாவை அடித்துக் கொடுப்பதுதான். அதை விட்டால் தோல். நான் சேர்ந்தது இரண்டும் கலந்த ஓர் இடம். ஆம்பூரில் பழைய இரும்புக்கடைக்கு மேல் மாடியில், தோல் அளக்கும் இயந்திரம் செய்யும் சின்னக் கம்பெனி.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஆடோ மாடோ, எதுவும் சதுரமாக வளர்வதில்லை. கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கழுத்து இன்னொரு பக்கம் போகும். அதனால் தோலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுப்பார்கள். உருளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே வரிசையாக விளக்குகள், கீழே வரிசையாக ஒளியைப் பார்க்கும் கண்கள். தோல் எத்தனை கண்களை எவ்வளவு தூரத்துக்கு மறைக்கிறது என்று ஒரு மின்னணுக் கார்டு எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணை வாங்கிச் சதுர அடியாக்கி, திரையில் காட்டி, தோலின் உள்பக்கம் அச்சடிக்க வைப்பது பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும் எங்கள் நிரல்.

உறவினர்கள் எல்லோரும் நான் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தார்கள். அளக்கும் இயந்திரம் இருப்பது தோல் பதனிடும் டேனரியின் கடைசிக் கூடத்தில். அதற்குப் போகப் பச்சைத் தோல் ஊறும் தொட்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை டேனரிக்குப் போய்வந்தால் ஞாயிறு ஆராதனையில் என் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கும். பாஸ்டரம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவார். அவருக்கு நிரந்தர ஜலதோஷம்.

கம்பெனி முதலாளி அன்வர் சார். ஊருக்கு அன்வர் பாய். இயந்திரத்தின் இரும்பு வேலை, மின்சார வேலை, முதல் நிரல் எல்லாம் அவர் கையால் ஆனவை. யாரையும் அவர் சத்தம் போட்டுத் திட்டிக் கேட்டதில்லை. திட்ட வேண்டியவருக்கு டீ வரவழைப்பார். வெறும் டீ என்றால் சின்னத் தப்பு. பிஸ்கட்டும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு நாம் தொலைந்தோம். ஒருமுறை என் மேஜைக்குச் சமோசா வந்தது. என்ன செய்தேன் என்று இங்கே சொல்வதாக இல்லை.

டீபக்கர் விஷயத்தில் அவருக்கு இரண்டு சட்டங்கள். டீபக்கர் என்பது ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க உதவும் கருவி. எந்த வரியில் நிற்க வேண்டும் என்று நாம் குறித்து வைக்கும் புள்ளிதான் பிரேக்பாயின்ட். முதல் சட்டம், புள்ளி வைப்பதற்கு முன்னால் அங்கே என்ன பார்க்கப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "சும்மா பாக்கலாம்னு வெச்சேன் சார்" என்றால் டீ வரும். இரண்டாவது சட்டம், வைத்த கையே எடுக்க வேண்டும். டீபக்கர் அந்த இடத்திலிருக்கும் நிரலின் ஒரு துணுக்கைத் தூக்கிவிட்டுத் தன் துணுக்கை வைத்துத்தான் நிறுத்துகிறது. எடுக்காமல் டீபக்கரைக் கழற்றிக்கொண்டு போனால், நிரல் அந்த இடத்துக்கு வரும்போது பொத்தென்று விழும். சாயந்திரம் கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்பார். புதிதாக வந்த வாட்ச்மேன், இது ஏதோ திருட்டு சோதனை என்று நினைத்து நான்கு நாள் தன் பையைத் திறந்து காட்டினார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பேரணாம்பட்டு ரோட்டிலிருந்த ஒரு டேனரியிலிருந்து புகார் வந்தது. அங்கே அதுவரை ஆட்டுத்தோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுத்தோலும் எடுக்க ஆரம்பித்த பிறகு, தோல் வாங்கும் ஷூ கம்பெனி அளவில் குறை சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. எல்லாத் தோலும் தப்பில்லை. எப்போதாவது ஒரு தோலில் அச்சடித்த அளவு உண்மையைவிட ஏழெட்டு அடி கூட இருந்தது.

டேனரி மேனேஜர் குமரேசன் சாருக்கு இதில் சந்தேகமே இல்லை. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டைக்காரர். மாட்டுத்தோலை இயந்திரத்தில் கொடுப்பது ஜெயக்கொடி என்ற பெண். உயரமானவர், பெரிய தோலை விரித்துக் கொடுக்க வாகானவர் என்பதால் மாட்டுத்தோல் எல்லாம் அவரிடமே போகும். உருளை இழுக்கும்போது தோலைப் பின்னாலிருந்து லேசாக இழுத்துப் பிடித்தால் தோல் மெதுவாக நகரும், கார்டு அதிகமாக எண்ணும். இந்தத் தந்திரம் தோல் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அளந்த அடிக்கு ஏற்றபடி கூலி என்பதால் அவர் அப்படிச் செய்கிறார் என்பது குமரேசன் சாரின் முடிவு. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக அன்வர் சாரிடம் சொல்லியிருந்தார். அதற்குள் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

"போய்ப் பாத்துட்டு வாம்மா எஸ்தர்," என்றார் அன்வர் சார். "மெஷின் சரியா இருந்தா சரின்னு சொல்லிட்டு வா. இல்லன்னா இல்லன்னு சொல்லு. பாதி பாதி சொல்லாத."

திங்கட்கிழமை போனேன். ஜெயக்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், நான் திருடியான்னு கண்டுபுடிக்க கம்ப்யூட்டர் அம்மாவையே இட்டாந்துட்டாங்களா?" என்றார். அவர் சொன்னது உண்மைதானே.

டேனரிக்காரர்கள் காலையில் இயந்திரத்தைச் சோதிக்க ஒரு வட்டத் தகடு வைத்திருப்பார்கள். அதன் பரப்பளவு தெரியும். அதைக் கொடுத்தால் திரையில் அதே அளவு வர வேண்டும். வந்தது. எத்தனை முறை கொடுத்தாலும் வந்தது. ஆட்டுத்தோலைக் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் சரி. அப்புறம் படித்த பெண்ணாக டீபக்கரைத் திறந்து, கார்டின் எண்ணை வாங்கும் வரியில் ஒரு புள்ளி வைத்து, ஜெயக்கொடியை மாட்டுத்தோல் ஒன்றைக் கொடுக்கச் சொன்னேன்.

நிரல் நின்றது. உருளை நிற்கவில்லை. நான் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே நிரல் எண்ணை வாங்காமலே தோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நிரல் சற்று நேரம் பதில் சொல்லாவிட்டால் யார் கையோ மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் உருளையை நிறுத்திச் சைரனை அலற விட வேண்டும் என்பது அன்வர் சார் வைத்த ஏற்பாடு. அலறியது. கூடம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. தோலை விடுவித்து மறுபடி ஓட்டினோம். மறுபடி புள்ளி, மறுபடி சைரன். மூன்றாவது முறை அலறியபோது தோலை அந்தப் பக்கம் வாங்கும் பெண் காதில் விரலை வைத்துக்கொண்டு, "மேடம், கண்டுபுடிக்கிறீங்களோ இல்லியோ, எங்கள செவுடாக்கிட்டுத்தான் போவீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயக்கொடியும் சிரித்தார்.

மாடிக்குத் திரும்பி வந்து அன்வர் சாரிடம் சொன்னேன். ஓடுகிற இயந்திரத்தைக் கையால் நிறுத்திப் பார்க்க முடியாது. அவர் அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். டீபக்கரை மவுஸால் ஆட்டுவதற்குப் பதிலாக நம் நிரல் ஒன்றை எழுதி, அதன் மூலமாக ஆணையிடலாம் என்றும் அதற்கான இன்டர்ஃபேஸ், அதாவது அதனுடன் பேசும் வழி, உண்டு என்றும் அதில் இருந்தது. புள்ளியை உருவாக்கு, எழுப்பு, தூங்க வை, அழி, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆணை. ஒரு புள்ளியில் நிரல் வந்து இடித்தால் டீபக்கர் நம் நிரலைக் கூப்பிட்டு, போகட்டுமா நிற்கட்டுமா என்று கேட்கும். வேண்டியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, போ என்று சொல்லிவிட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடிந்தது. மனிதன் உட்கார்ந்து யோசிக்கிற நேரம் மிச்சம்.

முதல் சோதனையை அவரே செய்தார். மேஜை மேலிருந்த பரிசோதனைக் கார்டோடு இணைந்த நிரலில் ஒரு புள்ளியை உருவாக்கினார், நிரலை ஓட விட்டார், காத்திருந்தார். புள்ளி இடிக்கவே இல்லை. கையேடு எழுதினவனுக்குப் பிறப்பிலேயே கோளாறு என்று உருதுவில் ஏதோ சொன்னார். அடுத்த பக்கத்தைப் புரட்டிய நான், "சார், உருவாக்கும்போது அது தூங்கிட்டுத்தான் இருக்குமாம். நாமதான் எழுப்பணுமாம்" என்றேன். அவர் தனக்குத்தானே ஒரு டீ வரவழைத்துக் கொண்டார். பிஸ்கட் வரவில்லை.

புதன்கிழமை புது ஆயுதத்தோடு போனேன். எண்ணை வாங்கும் வரியில் புள்ளி வைத்தேன். அந்த வரி ஒரு தோலுக்கு ஆயிரக்கணக்கான முறை ஓடும். ஒவ்வொரு முறையும் டீபக்கர் என் நிரலைக் கூப்பிட்டு அனுமதி கேட்டதில் வேகம் குறைந்து பழையபடி சைரன். "வந்துட்டாங்கப்பா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் புள்ளிகளை மேய்ப்பது என்றால் என்ன என்று புரிந்தது. தோல் உள்ளே நுழைந்ததும் ஒரே முறை ஓடும் வரியில் ஒரு புள்ளி. அது மட்டும் விழித்திருக்கும். அதில் இடித்ததும் என் நிரல் இரண்டாவது புள்ளியை உருவாக்கித் தூங்க விட்டு வைக்கும். எண்ணிக்கை நான் பார்க்க விரும்பும் இடத்தை நெருங்கும்போது எழுப்பும். அந்த இடம் தாண்டியதும் அழித்துவிடும். ஆட்டு மந்தையைப் பட்டியில் அடைத்து ஒவ்வொன்றாகத் திறந்து விடுவது போலத்தான். இந்த முறையில் சைரன் வரவில்லை. குமரேசன் சார் கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் பார்க்க விரும்பிய இடம் எது என்று சொல்கிறேன். கார்டு தன் எண்ணை இரண்டு துண்டாகக் கொடுக்கும், சின்னத் துண்டு ஒன்று, பெரிய துண்டு ஒன்று. எங்கள் நிரல் முதலில் சின்னதை வாங்கும், பிறகு பெரியதை. பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் இருக்கும்போது கடைசி மூன்று எண்களைப் பார்த்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக்கொள்கிறீர்கள். முதல் எண்ணைப் பார்க்கக் கண்ணைத் திருப்புவதற்குள் மீட்டர் இரண்டாயிரத்துக்கு உருண்டுவிடுகிறது. இரண்டு என்று எழுதுகிறீர்கள். இப்போது உங்கள் காகிதத்தில் இருப்பது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. வண்டி ஒரு கிலோமீட்டர்தான் போனது, உங்கள் கணக்கில் ஆயிரம் போயிருக்கிறது. ஆட்டுத்தோலுக்கும் வட்டத் தகட்டுக்கும் பெரிய துண்டு உருளும் வரை எண்ணிக்கை போகவே போகாது. மாட்டுத்தோலுக்குப் போகும்.

ஆகவே சின்னத் துண்டுக்கும் பெரிய துண்டுக்கும் நடுவே என் இரண்டாவது புள்ளியை வைத்தேன். ஜெயக்கொடி தோலைக் கொடுத்தார். அளவு கூடியது. அடுத்த தோலும் கூடியது. அதற்கடுத்ததும். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குமரேசன் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்தார். "புள்ளிய எடுங்க" என்றார். எடுத்தேன். தோல் ஓடியது, அளவு சரியாக வந்தது. "வைங்க." வைத்தேன், கூடியது. "எடுங்க." எடுத்தேன், சரி.

"மேடம், நீங்க புள்ளி வெச்சா தப்பு வருது. எடுத்தா வரல. அப்ப தப்பு உங்க புள்ளியிலதான இருக்கு? நீங்க வராத நாள்ல எங்க சரக்கு எப்படித் தப்பா போச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த இஸ்திரி சட்டையை உருளைக்குள் கொடுத்து அளந்துவிடலாம் போலிருந்தது. அவருடைய ஆபீஸிலிருந்தே அன்வர் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்தாளு சொல்றது கரெக்ட்தாம்மா," என்றார். "நீ ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னு நேரத்த இழுக்கிற. அந்த நேரத்துல மீட்டர் உருளுது. நீ இல்லாதப்பவும் உருளுதுன்னு நீ காட்டல. எப்படி வரும்னு காட்டியிருக்க. வந்துச்சுன்னு காட்டல."

அது மட்டுமில்லை. அளவு தப்பாக வந்தாலும் அடுத்த முறை வாங்கும்போது எண் சரியாக வந்துவிடுமே, அப்புறம் ஏன் தப்பு கடைசி வரை நிற்கிறது என்றும் கேட்டார். நல்ல கேள்வி. வேலூருக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாடியில் நிரலை வரி வரியாகப் படித்தேன். எண் போன முறையைவிட ஏறியிருந்தால் வித்தியாசத்தை மொத்தத்தில் சேர், இறங்கியிருந்தால் விட்டுவிடு என்று ஓர் இடத்தில் இருந்தது. தப்பான பெரிய எண் வந்தால் சேர்த்துக்கொள்ளும். அடுத்து சரியான சின்ன எண் வந்தால், இறங்கிவிட்டது என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சேர்ந்தது சேர்ந்ததுதான்.

"சார், இறங்கினா விடுன்னு யார் எழுதினது?"

"நான்தான்," என்றார் அன்வர் சார். "ஆரம்பத்துல போட்ட பல்புங்க கண்ண சிமிட்டும். எண்ணிக்கை சும்மா சும்மா இறங்கும். பேஜாரு தாங்கல. அதான் எழுதினேன். அப்ப எவன் மாட்டுத்தோல் ஓட்டினான்?" சொல்லிவிட்டு என் திரையை நெருங்கிப் பார்த்தார். "பல்பு எல்லாம் எப்பவோ மாத்தியாச்சு. கார்டு இப்ப எறங்கவே எறங்காது. அந்த வரிக்கு இனிமே நிரல் போகவே கூடாது."

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போகவே கூடாத வரி. அங்கே ஒரே ஒரு புள்ளி வைத்தால் போதும். நல்லபடியாக ஓடும்வரை யாரும் அதை இடிக்கப் போவதில்லை, எந்த வேகமும் குறையப் போவதில்லை, நடுவில் யாரும் போய் நிற்கப் போவதில்லை. இடித்தது என்றால் தப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

"என்ன எதிர்பாக்கிற, சொல்லு," என்றார் சட்டப்படி.

"கடைசியா வாங்கின மூணு எண்ணு. சரியா ஒண்ணு, பெருசா ஒண்ணு, மறுபடி சரியா ஒண்ணு."

"இடிச்சா போன்னு சொல்லுவியா, நில்லுன்னு சொல்லுவியா?"

"நில்லு சார். சைரன் அடிக்கட்டும்."

சனிக்கிழமை காலை டேனரிக்குப் போய்க் குமரேசன் சாரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். இன்றைக்கு ஜெயக்கொடி தோலைத் தொடக் கூடாது. "வேற யார் குடுப்பா? மத்ததுங்களுக்குக் கை எட்டாதே," என்றார். "உங்களுக்கு எட்டும் சார்," என்றேன். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மறுக்க வழியில்லாமல் கைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

அந்த மனிதர் வேலைக்குச் சளைத்தவர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் சில தோல்கள் கோணலாகப் போயின. அப்புறம் பிடிபட்டது. ஒரு மணி நேரத்தில் இஸ்திரி மடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஜெயக்கொடி தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், ஓரத்த நீவி விட்டுக் குடுங்க. அவசரப்படாதீங்க" என்று அவ்வப்போது சொன்னார். குமரேசன் சார் கேட்கவும் கேட்டார். தோல் போய்க்கொண்டே இருந்தது. என் புள்ளி இடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் போய் வந்து, மறுபடி ஓட்டியும் இடிக்கவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் மேடம்?" என்றார் குமரேசன் சார். குரலில் ஜெயித்த தெம்பு வந்துவிட்டது. "நான் கரெக்டா குடுக்கிறேன், மெஷின் கரெக்டா அளக்குது. அவ்ளோதான் விஷயம். அஞ்சு மணிக்குக் கூலி போடணும்."

புள்ளியை எழுப்பியிருக்கிறேனா என்று பலமுறை சரிபார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தது. தூணோரம் நின்ற ஜெயக்கொடியைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

கூலி கொடுக்க மேஜை போட ஆரம்பித்த நேரத்தில் சைரன் அலறியது.

உருளை நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கும் தோலின் ஓரத்தைப் பிடித்தபடி குமரேசன் சார் சிலையாக நின்றார். திரையில் மூன்று எண்கள். சரியாக ஒன்று, பெரியதாக ஒன்று, மறுபடி சரியாக ஒன்று. கூட்டத்திலிருந்து தோலை அந்தப் பக்கம் வாங்கும் பெண்ணின் குரல் கேட்டது.

"அய்யய்யோ, சார் இழுத்துப் புடிச்சிட்டாரு."

அந்தக் கூடம் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நிரலைத் தொடர விட்டு, அந்தத் தோலுக்கு வந்த அளவைப் பார்த்தோம். பிறகு அதே தோலை மூன்று முறை மறுபடி கொடுத்தோம். மூன்று முறையும் முதலில் வந்ததைவிடக் கம்மியாக, ஒரே அளவாக வந்தது. குமரேசன் சார் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜெயக்கொடி, திங்கக்கிழம வேலைக்கு வந்துடு" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்று எனக்கே தெரிந்தது.

நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். ஜெயக்கொடி என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்வார், கண்கலங்குவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது எவ்ளோ நாளா மேடம் இப்படி இருக்குது?"

"மாட்டுத்தோல் ஓட ஆரம்பிச்சதிலேர்ந்து."

"அப்ப எனக்கு முன்னால இருந்தாளே செண்பகம். மாட்டுத்தோல் மொதல்ல அவதான் ஓட்டினா. இதே பேர் சொல்லித்தான் அவள அனுப்பினாங்க. அவளுக்கு யார் பதில் சொல்றது?"

அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்வர் சாரிடம் போய்ச் சொன்னேன். அன்றே அவர் தன் வரியைத் திருத்தி எழுதினார். பெரிய துண்டை வாங்கி, சின்னதை வாங்கி, மறுபடி பெரியதை வாங்கிப் பார். இரண்டு பெரியதும் ஒன்றாக இல்லாவிட்டால் முதலிலிருந்து வாங்கு. இறங்கினால் விடாதே, நிறுத்திச் சைரன் அடி. எழுதி முடித்து, என் புள்ளியை எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வீடு எங்க?" என்றார்.

குடியாத்தத்தில் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் ஆம்பூரிலிருந்து அவரும் போய்ச் சேர்ந்தோம். தறி ஓடும் தெரு. ஒவ்வொரு வீட்டிலும் ஞாயிறென்றும் பாராமல் லுங்கித் தறி தடதடத்துக் கொண்டிருந்தது. செண்பகம் வாசலுக்கு வந்தார், என் வயதுதான் இருக்கும். டேனரி பெயரைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், இரண்டு துண்டு, போகக் கூடாத வரி, குமரேசன் சார் கையில் சைரன் அடித்தது, எல்லாம். முந்தின இரவு அன்வர் சார் போனில் பேசியதில், பழையபடி வேலைக்கு வரலாம் என்று டேனரியில் ஒத்துக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார்.

"இத எங்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீங்க?" என்றார். "நான் இழுக்கலன்னு எனக்குத் தெரியுமே. அன்னைக்கே தெரியும். திருடிட்டான்னு வெளிய அனுப்பினாங்கன்னதும் பீரோ சாவிய எங்கிட்டேர்ந்து வாங்கி அவங்க அம்மாகிட்ட குடுத்துட்டாரு எங்க வீட்டுக்காரரு. அதோ தறியில இருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க."

அவரே உள்ளே போய்க் கணவரைக் கூட்டி வந்தார். ஏழுமலை என்று பெயர். பனியனில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க, யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்று அன்வர் சாருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்வர் சார் உட்காரவில்லை. நான் பேச வாயெடுத்தேன், கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்த மெஷின் நான் செஞ்சது. அதுல ஒரு வரி தப்பா எழுதினேன். அளவு ஜாஸ்தி காட்டினது மெஷின். உங்க வீட்டம்மா ஒண்ணும் பண்ணல."

"அப்ப இவ இழுத்துப் புடிக்கல?"

"இல்ல."

ஏழுமலை மனைவியின் பக்கம் திரும்பினார். செண்பகம் அவரைப் பார்க்கவில்லை. அன்வர் சாரைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றார். "தறி சத்தத்துல அவருக்கு சரியா கேட்டிருக்காது."

"கேட்டுச்சு," என்றார் ஏழுமலை.

"பரவால்ல. இன்னொரு தடவ சொல்லட்டும்."

அன்வர் சார் இன்னொரு தடவை சொன்னார்.